ஊரடங்கு கால வகுப்பறைகள்: வாட்ஸ்அப், மீட், ஜூம், கல்வி டிவி – எது தேறியது, எது காலை வாரியது

மழை விடுமுறை என்று கலெக்டர் அறிவித்த கையோடு “10 மணிக்கு மீட் லிங்க் வரும்” என்று மெசேஜ் தட்டிவிடும் பழக்கம் பல தனியார் பள்ளிகளையும் கல்லூரிகளையும் இன்னும் விட்டபாடில்லை. ஆகவே 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டது முதல் 2021 நவம்பர் 1 அன்று சின்ன வகுப்புப் பிள்ளைகள் திரும்பி வந்தது வரை தமிழ்நாட்டில் பாடம் நடத்தக் கைகொடுத்த செயலிகளையும் சேனலையும் இப்போது எடைபோடுவது வெறும் பழங்கதை அல்ல.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். நேரலை வகுப்புக்குத்தான் செலவும் அலுப்பும் அதிகம், பலன் குறைவு. பிள்ளை தனக்குத் தோதான நேரத்தில் திறந்து, நிறுத்தி நிறுத்தி, மறுபடி கேட்க முடிந்தது எதுவோ அதுதான் தேறியது. செயலி நல்லதா கெட்டதா என்பதைவிட, போன் யாருடைய சட்டைப்பையில் இருக்கிறது என்பதே பல வீடுகளில் பெரிய கேள்வி. கிராமப்புறப் பிள்ளைகளின் கல்வி நிலையை அளக்கும் ஏசர் அமைப்பின் 2020 ஆய்வின்படி, இந்தியக் கிராமங்களில் பள்ளியில் சேர்ந்த பிள்ளைகளில் 61.8 சதவீதம் பேரின் வீட்டில் ஸ்மார்ட்போன் இருந்தது. 2018-ல் அது 36.5 சதவீதம்தான். ஏறியது நிஜம். ஆனால் வீட்டில் இருக்கிற போன் காலை 10 மணிக்கு அப்பாவோடு வேலைக்குப் போய்விட்டால், அது மாலை 7 மணிக்குத்தான் பிள்ளையின் போன்.

செயலிகளுக்குப் போவதற்கு முன் டேட்டா கணக்கு. குழு வீடியோ அழைப்புக்கு நொடிக்கு 600 கிலோபிட் முதல் 1 மெகாபிட் வரை இழுக்கும் என்று வைத்துக்கொண்டால், மணிக்கு 270 முதல் 450 எம்பி. மத்தியக் கல்வி அமைச்சகம் ஆன்லைன் வகுப்புகளுக்காக 2020 ஜூலையில் வெளியிட்ட பிரக்யாதா வழிகாட்டுதலில் 9 முதல் 12 வரையான வகுப்புகளுக்கு ஒரு நாளைக்கு 30 முதல் 45 நிமிடத்தில் நான்கு அமர்வுகள்வரை நடத்தலாம் என்றிருந்தது. 45 நிமிடத்தில் நான்கு அமர்வு என்றால் 3 மணி நேரம்; மேல்வரம்பில் 1.35 ஜிபி. தினம் 1.5 ஜிபி தரும் ரீசார்ஜில் மிச்சமிருப்பதை வைத்து ஹோம்வொர்க் போட்டோ அனுப்புவதே இழுபறி. வீட்டில் இரண்டு பிள்ளைகள் இருந்தால் கணக்கே உதைக்கும். கல்லூரி மாணவர்களுக்கு 2021 ஜனவரி முதல் ஏப்ரல்வரை தினம் 2 ஜிபி இலவச டேட்டா கார்டு தருவதாகத் தமிழ்நாடு அரசு அறிவித்தது நல்ல ஏற்பாடு. ஆனால் அதற்குள் கல்வியாண்டின் பெரும்பகுதி கடந்துவிட்டது. பள்ளிப் பிள்ளைகளுக்கு அப்படி எதுவும் இல்லை.

இதே கணக்கில் குரல் மட்டும் என்றால் நொடிக்கு 80 கிலோபிட் போதும்: மணிக்கு 36 எம்பி. பலர் தங்கள் கேமராவை அணைத்துவிட்டு டேட்டா மிச்சமாகிறது என்று நினைத்தார்கள். அதனால் குறைவது நாம் அனுப்பும் படம் மட்டும்தான். எதிர்முனையிலிருந்து வரும் படம் வந்துகொண்டேதான் இருக்கும். ஜூமின் மொபைல் செயலியில் அப்போது திரையை ஒருபக்கமாகத் தள்ளினால் வண்டி ஓட்டுவோருக்கான பயன்முறை வரும். அதில் வீடியோ நின்று குரல் மட்டும் கேட்கும். பிள்ளைகளுக்கு அவசியமாய்த் தெரிந்திருக்க வேண்டிய வசதி அது. அதைச் சொல்லிக்கொடுத்த வகுப்புகள் குறைவு.

வாட்ஸ்அப்: பாடம் நடத்தச் செய்ததல்ல, ஆனாலும் முதலிடம்

பள்ளிக்கூடத்துக்கென்று உருவாக்கிய எந்தச் செயலியையும்விட இது அதிகப் பிள்ளைகளைச் சென்றடைந்தது. தனியாகக் கணக்குத் திறக்க வேண்டியதில்லை. அம்மாவுக்கும் ஏற்கெனவே பழக்கம். நெட் பேக் தீர்ந்து மறுநாள் வந்தாலும் செய்தி காத்துக்கொண்டிருக்கும். அப்போது ஒரு குழுவில் 256 பேர்வரை சேரலாம் என்பதால் ஒரு வகுப்புக்கு அது தாராளம்.

முதல் சில வாரங்களில் ஆசிரியர்கள் செய்தது, கரும்பலகை முன் நின்று 20 நிமிடம் வீடியோ எடுத்து அனுப்பப் பார்த்தது. அது ஓடாது. அன்றைய வாட்ஸ்அப் வீடியோவை 16 எம்பிக்குள் அடக்கும்; நீளமானால் வெட்டச் சொல்லும்; நசுக்கி அனுப்பியதில் பலகையில் இருக்கும் எழுத்து கரைந்துபோகும். டாக்குமென்ட் ஆக அனுப்பினால் அப்போது 100 எம்பிவரை போகும், தெளிவும் குறையாது. ஆனால் மறுமுனையில் அத்தனை எம்பியையும் முழுதாக இறக்கினால்தான் பார்க்க முடியும்.

தேறியது வேறு முறை: ஒரு பக்கம், ஒரு போட்டோ, ஒரு ஆடியோ. கோடு போடாத வெள்ளைத்தாளில் தடித்த கறுப்பு ஜெல் பேனாவால் ஒரே ஒரு கணக்கையோ ஒரு படத்தையோ பெரிதாகப் போட வேண்டும். ஜன்னலோரப் பகல் வெளிச்சத்தில், போனைத் தாளுக்கு நேர் மேலே பிடித்துப் படம் எடுக்க வேண்டும். சாய்த்து எடுத்தால் கீழ்ப்பாதி எழுத்து சிறுத்துவிடும். ஓரத்தில் “3.2 – 1, 3.2 – 2” என்று வரிசை எண். போட்டோ போன பிறகு அந்தப் போட்டோவுக்கே ரிப்ளையாக இரண்டு நிமிட ஆடியோ. மைக் பொத்தானை அழுத்தி மேலே இழுத்துவிட்டால் பதிவு பூட்டிக்கொள்ளும், கை தாளைச் சுட்டிக்காட்ட ஒழிந்துவிடும். ஐந்து நிமிட ஆடியோ தோராயமாக 1 எம்பிதான். 45 நிமிட நேரலையில் சொல்வதை இப்படி நான்கு போட்டோ, நான்கு ஆடியோவில் அடக்கிவிடலாம், மொத்தம் 3 எம்பிக்குள். புரியாத இடத்தைப் பிள்ளை ஐந்து முறை கேட்கலாம். நேரலையில் “மிஸ், மறுபடி சொல்லுங்க” என்று ஐந்து முறை கேட்கும் தைரியம் எத்தனை பேருக்கு உண்டு?

பாடம் அனுப்பும் குழுவை “அட்மின்கள் மட்டும் அனுப்பலாம்” என்று பூட்டிவைப்பது கட்டாயம். பூட்டாவிட்டால் குட்மார்னிங் ரோஜாவுக்கும் கபசுரக் குடிநீர் ஃபார்வர்டுக்கும் நடுவில் பாடம் தொலைந்துபோகும். பூட்டினால் பிள்ளைகள் சந்தேகம் கேட்க வழியில்லை. இரண்டாவதாக ஒரு சந்தேகக் குழு, மாலையில் போன் வீட்டுக்கு வந்த பிறகு ஒரு மணி நேரம் மட்டும் திறந்திருந்தால் இரண்டுக்கும் தீர்வு.

வாட்ஸ்அப்பின் அழுகிய பக்கம் ஹோம்வொர்க் திருத்தம். 40 பிள்ளைகள், ஆளுக்கு இரண்டு பக்கம், தினம் 80 போட்டோ, அதுவும் ஒரு பாடத்துக்கு மட்டும். பாதி தலைகீழாக இருக்கும், கால்வாசியில் தாளின் குறுக்கே போனின் நிழல் விழுந்திருக்கும். அனுப்பியவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் முருகன் படமும் “அப்பா ஜியோ” என்ற பெயரும். எந்தப் பிள்ளையின் நோட்டு என்று கண்டுபிடிப்பதே தனிவேலை. ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் பெயர், வரிசை எண், தேதி, 1/2, 2/2 என்று எழுதாமல் போட்டோ எடுக்கக் கூடாது என்ற ஒரே விதி இந்தத் தலைவலியில் பாதியைக் குறைக்கும்.

திருத்துவதற்கு அச்செடுக்க வேண்டாம். படத்தைத் திறந்து, பேனாக் குறியைத் தொட்டு, சிவப்பைத் தேர்ந்து, டிக் போட்டு, அந்தப் பிள்ளைக்கே தனியாக அனுப்பலாம். ஒரு நோட்டுக்கு ஒன்றரை நிமிடம் ஆனால் 40 நோட்டுக்கு ஒரு மணி நேரம். மூன்று செக்‌ஷன் எடுக்கும் ஆசிரியருக்கு இது கட்டுப்படியாகாது. தினம் பத்துப் பேர் வீதம் முறைவைத்துத் திருத்தி, மற்றவர்களுக்கு விடைத்தாளின் போட்டோவை மட்டும் அனுப்பித் தாங்களே சரிபார்க்கச் சொல்வதுதான் நடைமுறைக்கு ஒத்துவந்தது.

இதற்கிடையில் ஆசிரியரின் போனே மூச்சுத் திணறும். 16 ஜிபி, 32 ஜிபி போன்களில் ஒரே மாதத்தில் இடம் நிரம்பி, புதிய செய்தியில் வரும் படம் இறங்காமல் வட்டம் சுற்றும். அமைப்புகளில் ஸ்டோரேஜ் பகுதிக்குப் போய்த் தானாக இறங்குவதை நிறுத்துவது முதல் வேலை. மீடியா கேலரியில் தெரியாதபடி செய்வது அடுத்தது. வாரக் கடைசியில் குழுவாரியாக வீடியோக்களை அழிப்பது மூன்றாவது.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. குழுவில் இருக்கும் அத்தனை வீட்டுக்கும் ஆசிரியையின் சொந்த எண் போய்விடுகிறது. இரவு 10 மணிக்கு அழைப்பு, புரொஃபைல் படத்தைச் சேமித்துவைத்தல் என்று அது எங்கெங்கோ போயிற்று. இரண்டாவது சிம்மில் வாட்ஸ்அப் பிசினஸ் வைத்து, பள்ளி நேரத்துக்குப் பிறகு தானியங்கிப் பதில் போகும்படி செய்வது எளிய கவசம். அந்த சிம் செலவைப் பள்ளி ஏற்க வேண்டும். ஏற்ற பள்ளிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

கூகுள் மீட்

2020 மே மாதம் ஜிமெயில் இருக்கும் எல்லோருக்கும் இலவசமானது. ஒரே கூட்டத்தில் 100 பேர். இலவசக் கணக்குக்கு 60 நிமிட வரம்பு வரும் வரும் என்று தேதி தள்ளிப்போய், 2021-ன் நடுவில்தான் அமலுக்கு வந்தது. லிங்க்கைத் தொட்டால் உள்ளே போகலாம் என்ற எளிமையில் ஜூமை இது தாண்டியது. நெட்வொர்க் பலவீனமான இடத்தில் படம் மங்கினாலும் குரல் ஓரளவு நிற்கும்.

வகுப்பறைக் கட்டுப்பாட்டில்தான் மீட் சறுக்கியது. சாதாரண ஜிமெயில் கணக்கில் நடத்தும் கூட்டத்தில் ஆரம்பத்தில் யார் வேண்டுமானாலும் யாரையும் மியூட் செய்யலாம். எட்டாம் வகுப்புக்கு இதைக் கண்டுபிடிக்க எவ்வளவு நேரம் ஆகும்? ஆசிரியர் பாடம் சொல்லிக்கொண்டே இருப்பார், பத்து நிமிடமாகக் குரல் போயிருக்காது. பள்ளி பெயரில் கல்விக்கணக்கு எடுத்தால் அந்த அதிகாரம் கூட்டத்தைத் தொடங்கியவருக்கு மட்டும் என்று 2020-லேயே மாற்றிவிட்டார்கள். ஆகவே மீட் என்றால் கல்விக்கணக்கு, இல்லாவிட்டால் வேண்டாம். அந்தக் கணக்கு பள்ளிகளுக்கு இலவசம். பள்ளிக்குச் சொந்த இணையப் பெயர் ஒன்று இருக்க வேண்டும், சரிபார்ப்புக்குச் சில நாட்கள் ஆகும், அவ்வளவுதான்.

அடுத்தது வருகைப் பதிவு. இலவச மீட்டில் பட்டியல் எடுக்கும் வசதி இல்லாததால் குரோம் உலாவியில் சேர்க்கும் நீட்சிகளை (எக்ஸ்டென்ஷன்) தேடி ஓடினார்கள். அவை கம்ப்யூட்டரில்தான் வேலை செய்யும், போனில் இல்லை. யாரோ எழுதிய நீட்சி கூட்டத்தில் இருப்பவர் பெயரையெல்லாம் படிக்க அனுமதி கேட்கும் என்பதையும் யோசிக்க வேண்டும். சாட்டில் “பிரசன்ட் மேம்” என்று எழுதச் சொல்வது பழைய முறைதான், ஆனால் எழுதிவிட்டு விளையாடப் போய்விடலாம். வகுப்பின் நடுவில் ஒரு கேள்வி கேட்டு, “விடையை டைப் பண்ணி வையுங்க, நான் மூணு எண்ணினதும் எல்லாரும் ஒண்ணா அனுப்புங்க” என்று சொல்லுங்கள். முன்னே அனுப்பியவரைப் பார்த்து எழுத முடியாது. வராதவர் யார் என்பதும் அந்த நொடியே தெரிந்துவிடும். வருகைப் பதிவும் தேர்வும் ஒரே கல்லில்.

போனிலிருந்து திரையைப் பகிரும் ஆசிரியர் முதலில் “தொந்தரவு வேண்டாம்” பயன்முறையைப் போட வேண்டும். மறந்தால் மைத்துனரின் வாட்ஸ்அப் செய்தி வகுப்பு முழுவதற்கும் மேலிருந்து இறங்கும். வகுப்பின் நடுவில் போன் அழைப்பு வந்தால் மைக் அங்கே போய்விடும். அழைப்பைத் துண்டித்தபின்னும் குரல் திரும்பாமல் போவதுண்டு. வீட்டில் வைஃபை இருந்தால் ஏரோபிளேன் மோடு போட்டு வைஃபையை மட்டும் எரியவிடுவது இதற்கு உறுதியான வழி.

கேமராவில் தன் படம் இடவலமாகத் திரும்பித் தெரிவதைப் பார்த்துப் பயந்து, எழுத்தைக் கண்ணாடிக்கு எழுதுவதுபோலத் திருப்பி எழுதிப் பார்த்தவர்கள் உண்டு. தேவையில்லை. நமக்குக் காட்டும் படம் மட்டும்தான் அப்படி. மாணவர் திரையில் நேராகவே தெரியும்.

ஜூம்

அப்போது இலவசக் கணக்கில் மூன்று பேரோ அதற்கு மேலோ இருந்தால் 40 நிமிடத்தில் கதவு மூடிவிடும். இதைக் குறையென்றே எல்லோரும் எழுதினார்கள். பிள்ளைகளின் கண்ணுக்கும் டேட்டாவுக்கும் அதுவே ஒரு தயவு என்பது இந்த மதிப்பீட்டின் கருத்து. பள்ளிப் பாடவேளையும் ஏறத்தாழ அதே 40 நிமிடம்தானே.

வேண்டாதவர் உள்ளே புகுந்து ஆபாசப் படம் காட்டிய சம்பவங்கள் உலகெங்கும் நடந்த பிறகு, 2020 ஏப்ரலில் கடவுச்சொல்லும் காத்திருப்பு அறையும் தானாகவே அமலில் இருக்கும்படி ஜூம் மாற்றியது. அதே மாதம், அரசு அலுவல்களுக்கு ஜூம் வேண்டாம் என்று மத்திய உள்துறை அமைச்சகம் சொன்னது. பள்ளிகளில் புகுந்தவர்களுக்குப் பெரும்பாலும் கதவைத் திறந்துவிட்டது வகுப்பு மாணவர்களே. லிங்க்கை இன்ஸ்டாகிராமில் போட்டுவிடுவார்கள். காத்திருப்பு அறையில் “ரெட்மி நோட் 8” என்று பெயர் தெரிந்தால் உள்ளே விடாதீர்கள். வரிசை எண்ணும் பெயரும் போட்டு வந்தால்தான் அனுமதி என்பதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும். உள்ளே வரும்போதே மியூட், திரைப் பகிர்வு ஆசிரியருக்கு மட்டும், திரையில் கிறுக்கும் வசதி மூடியிருத்தல், பெயர் மாற்றும் வசதி மூடியிருத்தல் – இந்த நான்கையும் வகுப்புக்கு முன்பே அமைப்புகளில் செய்து முடிக்கலாம்.

ஆசிரியரின் இணைப்பு அறுந்தால் கூட்டத்தின் தலைமை உள்ளே இருக்கும் வேறொருவர் கைக்குத் தானாகப் போய்விடும். அவர் திரும்பி வந்து மீட்டுக்கொள்ளும்வரை நடப்பது நாம் கற்பனை செய்வதுதான். இரண்டாவது போனிலோ லேப்டாப்பிலோ அதே கணக்கில் உள்ளே இருந்துவிட்டால் இந்தச் சிக்கல் வராது.

பாட்டு வகுப்பு எடுப்பவர்களுக்கு ஜூம்தான் சரி, ஒரு நிபந்தனையோடு. விடாமல் ஒரே சீராக ஒலிக்கும் எதையும் மின்விசிறிச் சத்தம்போல நினைத்து அமுக்குவது இத்தகைய செயலிகளின் குணம். தம்புராவும் சுருதிப்பெட்டியும் அப்படித்தான் காணாமல் போகும். நீட்டிப் பாடும் கார்வையும் நடுவில் தேய்ந்துவிடும். அமைப்புகளில் “ஒரிஜினல் சவுண்ட்” என்பதை இயக்கிவிட்டால் வடிகட்டல் நின்றுவிடும். சுருதியை ஆசிரியர் பக்கமிருந்து அனுப்பாமல் மாணவர் வீட்டிலேயே தனியாக ஒலிக்கவிடுவது இன்னும் நல்லது. சேர்ந்து பாடுவது மட்டும் எந்தச் செயலியிலும் நடக்காது. குரல் போய்ச்சேரும் தாமதத்தில் தாளம் கலைந்துவிடும். ஆசிரியர் பாட, மாணவர் வாங்கிப் பாட, அப்படித்தான்.

கல்வி தொலைக்காட்சி

பள்ளிப் பாடங்களுக்கென்றே தமிழ்நாடு அரசு 2019 ஆகஸ்ட் 26 அன்று தொடங்கிய சேனல். கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகக் கட்டடத்தில் படப்பிடிப்பு. அரசு கேபிளில் 200-ம் எண். தொடங்கிய சில மாதங்களிலேயே பெருந்தொற்று வந்து, அதன் வேலையே மாறிப்போனது. டேட்டா செலவு பூஜ்யம் என்பதால் போன் இல்லாத வீட்டுக்கும் பாடம் போனது. இந்த ஒரு காரணத்துக்காகவே பட்டியலில் இரண்டாம் இடம்.

குறை நேரத்தில்தான். வீட்டில் ஏழாம் வகுப்பும் பத்தாம் வகுப்பும் இருந்தால் ஒரே டிவி முன் அடிதடி; பாட்டி பார்க்கும் சீரியலோடு போட்டி வேறு. அந்த அரைமணி கரண்ட் போனால் பாடம் போயிற்று. பாடங்கள் பிறகு யூடியூபிலும் ஏறின என்பதால், 144பி தரத்தில் பார்த்தால் மணிக்கு 100 எம்பிக்குள் முடிந்துவிடும். கணக்கு, அறிவியல் பாடங்களில் எழுத்தும் படமும் தெளிவாகவே இருந்தன. மொழிப்பாடங்களில் சில, பாடநூலை வாசித்துக்காட்டுவதோடு நின்றன. இந்தச் சேனலைப் பயன்படுத்திய நல்ல ஆசிரியர்கள் அதை மாற்றாக எடுத்துக்கொள்ளாமல், முதல் நாள் ஒளிபரப்புக்கு மறுநாள் வாட்ஸ்அப்பில் ஐந்து கேள்வி அனுப்பினார்கள். அந்த ஐந்து கேள்வி இல்லாவிட்டால் டிவிப் பாடம் காதில் விழுந்து போய்விடும்.

பிளஸ் டூ மாணவர்களுக்கு இன்னொரு ஏற்பாடும் இருந்தது. அரசு தந்த லேப்டாப்பைப் பள்ளிக்கு எடுத்துப்போனால் அங்கே ஹைடெக் லேபிலிருந்து பாட வீடியோக்களை ஏற்றித்தந்தார்கள். இணையமே வேண்டாம். பென் டிரைவ் கல்வி என்று சிலர் நக்கலடித்தாலும், கூகுள் மீட்டைவிட உருப்படியான யோசனை.

பாடநூலில் உள்ள கியூஆர் குறியை மத்திய அரசின் திக்‌ஷா செயலியில் காட்டினால் அந்தப் பாடத்துக்கான வீடியோவோ பயிற்சியோ திறக்கும். இறக்கி வைத்துக்கொண்டு பின்னர் இணையமில்லாமல் பார்க்கலாம் என்பது சிறப்பு. ஆனால் 2 ஜிபி ராம் உள்ள போனில் செயலி முக்கி முனகித்தான் திறக்கும், உள்ளே இருப்பவற்றின் தரமும் ஏற்ற இறக்கமானது.

கூகுள் கிளாஸ்ரூமும் ஃபார்ம்ஸும்

ஒழுங்காகப் பாடம் பிரித்துவைக்க கிளாஸ்ரூமுக்கு ஈடில்லை. கல்லூரிகளுக்கு முதல் தேர்வு இதுவே. பள்ளிகளில் வந்த புகார்களில் பெரும்பாலானவை இரண்டே காரணத்தால். ஒன்று, பிள்ளை போட்டோவை இணைத்திருக்கும், “டர்ன் இன்” பொத்தானை அழுத்தியிருக்காது. ஆசிரியருக்கு “மிஸ்ஸிங்” என்று தெரியும், பெற்றோர் “அனுப்பிட்டோமே மேடம்” என்பார்கள், இருவருமே உண்மையைத்தான் சொல்கிறார்கள். இரண்டு, போனில் அப்பாவின் ஜிமெயிலும் பள்ளி கொடுத்த கணக்கும் சேர்ந்து இருக்கும். கிளாஸ்ரூம் அப்பாவின் கணக்கில் திறந்து, வகுப்புக் குறியீட்டை ஏற்க மறுக்கும். மேலே வலது மூலையில் உள்ள படத்தைத் தொட்டுக் கணக்கை மாற்றினால் சரியாகிவிடும். அண்ணனும் தங்கையும் ஒரே போனில் இரண்டு பள்ளிக்கணக்கு வைத்திருந்தாலும் இதே தீர்வுதான்.

ஃபார்ம்ஸில் கொள்குறி வினாத்தாள் வைத்தால் மதிப்பெண் தானாக விழும். ஒருவரி விடையைத் தமிழில் டைப் செய்யச் சொன்னால் மோசம் போவோம். கொடுத்த விடையோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போனால்தான் மதிப்பெண். “தொல்காப்பியம்” என்பதற்குப் பின்னால் ஒரு முற்றுப்புள்ளி வைத்தால் பூஜ்யம். ஒரே மாதிரி கண்ணுக்குத் தெரியும் “தொ”கூட உள்ளே இரண்டு விதமாகப் பதிவாகியிருக்கலாம்: கொம்பும் காலும் தனித்தனிக் குறியாக, அல்லது சேர்ந்த ஒரே குறியாக. கீபோர்டைப் பொறுத்தது அது. ஆகவே தமிழில் என்றால் தேர்ந்தெடுக்கும் வினா மட்டும் வையுங்கள், அல்லது கையால் திருத்தத் தயாராக இருங்கள். வானவில், பாமினி எழுத்துருக்களில் வைத்திருக்கும் பழைய வினாத்தாளை அப்படியே ஒட்டினால் பொருளற்ற குறியீடுகளாக வரும். முதலில் யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ள வேண்டும்.

கல்லூரித் தேர்வுகளில் ஏ4 தாளில் எழுதி, ஸ்கேன் செய்து, பிடிஎஃப் ஆக ஏற்ற வேண்டும் என்ற நிலை வந்தபோது எல்லோர் போனிலும் இருந்தது கேம்ஸ்கேனர். 2020 ஜூன் 29 அன்று மத்திய அரசு தடைசெய்த 59 செயலிகளில் அதுவும் போயிற்று. மைக்ரோசாஃப்ட் லென்ஸ், அடோபி ஸ்கேன் இரண்டும் அந்த இடத்தை நிரப்பின. கூகுள் டிரைவிலேயே ஸ்கேன் பொத்தானும் உண்டு. கலரில் ஸ்கேன் செய்தால் கோப்பு பெரிதாகிக் கடைசி நிமிடத்தில் ஏறாமல் நிற்கும். கறுப்பு வெள்ளை போதும். பக்கம் பக்கமாக எழுதிமுடித்த கையோடு ஸ்கேன் செய்துகொண்டே வந்தவர்கள் தப்பித்தார்கள், 18 பக்கத்தையும் கடைசியில் வைத்துக்கொண்டவர்கள் வேர்த்தார்கள்.

எந்தச் செயலியாலும் முடியாதது

ஒன்றாம், இரண்டாம் வகுப்பு. பென்சிலைப் பிடிக்கும் விரலைத் திருத்த கேமரா உதவாது. “ற”வுக்கும் “ர”வுக்கும் நாக்கு எங்கே படுகிறது என்பது அறுந்து அறுந்து வரும் ஆடியோவில் தெரியாது. இந்த வயதினருக்கு நேரலை வகுப்பு நடத்திக் கட்டணம் வாங்கிய பள்ளிகள், அம்மாக்களுக்கு வேலை வைத்தன, வேறொன்றும் நடக்கவில்லை. 2021 அக்டோபர் 27 அன்று விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் தொடங்கிவைக்கப்பட்ட இல்லம் தேடிக் கல்வி, தெருவிலேயே ஒரு தன்னார்வலரும் அதிகபட்சம் 20 பிள்ளைகளும் மாலையில் உட்காரும் ஏற்பாடு. விடுபட்டதைப் பிடிக்க எடுத்த முயற்சிகளில் இந்த வயதுக்குப் பொருந்தியது அது. திரையே இல்லாதது என்பது அதன் முதல் தகுதி.

கருவிகள்

போனைத் தலைகீழாகப் பிடித்துத் தாளைக் காட்ட விலைகூடிய ஸ்டாண்டு வேண்டாம். ஃபிரிட்ஜின் கண்ணாடித் தட்டை ஒரடி உயரமுள்ள இரண்டு டப்பாக்களின் மேல் வைத்து, அதன்மேல் போனை கேமரா கீழே பார்க்கும்படி வைத்தால் தாள் முழுதும் தெரியும். இதில் மூன்று விஷயம் கவனிக்க வேண்டும். தலைக்கு மேலே டியூப்லைட் எரிந்தால் தட்டில் அதன் பிம்பம் வெள்ளைக்கோடாக விழும். அதை அணைத்துவிட்டுப் பக்கவாட்டு ஜன்னல் வெளிச்சத்தை நம்புங்கள். தட்டு மெல்லிய கீறல் நிறைந்ததாக இருந்தால் கேமரா தாளை விட்டுக் கீறலைக் குவிக்கும். போன் படுத்த நிலையில் எந்தப் பக்கம் மேல் என்று அதற்கே புரியாது, படம் சுற்றிச் சுற்றித் திரும்பும். வைப்பதற்கு முன்பே திரைச் சுழற்சியைப் பூட்டிவிட வேண்டும். துணி ஹேங்கரில் கட்டித் தொங்கவிடும் முறையும் உண்டு, ஆனால் ஃபேன் காற்றில் ஆடும்.

பிள்ளைக்கென்று போன் வாங்குவதானால் கேமராவுக்குக் காசு கொட்டாதீர்கள். 2 ஜிபி ராமில் மீட்டைத் திறந்தபடி பாடநூல் பிடிஎஃப்பைப் பார்க்கப்போனால் மீட் மூடிக்கொள்ளும். குறைந்தது 4 ஜிபி வேண்டும். அச்சிட்ட பாடநூல் கையிலிருந்தால் இந்தப் பிரச்சினையே பாதி தீர்ந்தது. புளூடூத்தைவிட வயர் வைத்த ஹெட்செட் மேல்: வகுப்பின் நடுவில் சார்ஜ் தீராது, விலையும் குறைவு. அதன் மைக் துளை சட்டைக் காலரில் உரசாதபடி வயரை ஒரு துணிக்கிளிப்பில் மாட்டிவிடுங்கள். அந்த உரசலைத்தான் மறுமுனையில் இருப்பவர்கள் “மிஸ், உங்க நெட் சரியில்ல” என்பார்கள்.